நாலு மணி நமநமப்பு

எங்கள் ஊரில் பிற்பகல் நாலு மணி ஆனால் ஒட்டுக்கடை என்ற சாலையோரத் தேத்தண்ணிக் கடை வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய பழைய தோட்டத்துப் பகுதி இது. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து லயன் வீடு போய்த் தாமான் குடியிருப்பு வீடு வந்தது, நாலு மணித் தேத்தண்ணி மட்டும் எங்கேயும் போகவில்லை. அந்த வரிசையில் நானும் பல வருடம் நின்றிருக்கிறேன். ஒரு தே தாரிக், அதாவது டின் பால் ஊற்றி ஆற்றிய தேத்தண்ணி, கூடவே சுடச்சுட வாழைப்பழப் பொரியல் இரண்டு. பசி என்று சொல்ல முடியாது. இரண்டு மணிக்குத்தான் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டிருப்பேன். வாய் நமநமவென்று இருக்கும், அவ்வளவுதான்.

இந்த நமநமப்பு என்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளாமலே அதோடு மூன்று முறை மல்லுக்கு நின்று மூன்று முறையும் தோற்றிருக்கிறேன். "சீனியைக் குறைங்க" என்று கிளினிக்கில் சொல்லுவார்கள். அம்மா சொல்லுவார், மகள் சொல்லுவாள், சீனி போட்ட கோப்பியைக் குடித்துக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவும் சொல்லுவார். எப்படி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. பிறகு நானே படித்தும், கேட்டும், அடிபட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 விழுக்காடு என்று வந்து பயந்துபோன ஒரு ஆள். மலேசியாவில் 6.3 வந்தால் நீரிழிவு என்று கணக்கு. அதாவது நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் பசியையும் நமநமப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வாசல் வழியாக வருவதால் ஒன்று போலத் தெரியும். பசி மெதுவாக வரும். இரைப்பை காலியானதும் அங்கிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து மூளைக்குத் தகவல் சொல்லும். அப்போது எதைக் கொடுத்தாலும் போதும், வயிறு ஏற்றுக்கொள்ளும். நமநமப்பு திடுதிப்பென்று வரும். அதற்கு எது கொடுத்தாலும் போதாது, குறிப்பிட்ட ஒன்றுதான் வேண்டும். நான் வைத்திருக்கும் சோதனை ரொம்பச் சுலபம்: "இப்போ ரசம் சோறு குடுத்தா சாப்பிடுவேனா?" சாப்பிடுவேன் என்றால் பசி. "ரசமா, அதெல்லாம் வேண்டாம், அந்தக் கேசரி இருக்கா?" என்று மனசு கேட்டால் அது நமநமப்பு. முதல் வாரம் இந்தக் கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்த்ததில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பத்தில் எட்டு முறை ரசம் சோறு வேண்டாம் என்றுதான் பதில் வந்தது.

சரி, வயிறு கேட்கவில்லை என்றால் யார்தான் கேட்கிறார்கள்?

1990களில் சுவிட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார். குரங்கின் முன்னால் ஒரு விளக்கு எரியும், கொஞ்சம் கழித்து வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தை வெளியிடும் நரம்பணுக்கள் எப்போது துள்ளுகின்றன என்று கவனித்தார். ஆரம்பத்தில் சாறு நாக்கில் பட்டதும் துள்ளின. இது நாம் எதிர்பார்ப்பதுதான். பழகப் பழக என்ன ஆனது என்றால், சாறு விழும்போது அந்த அணுக்கள் சும்மா இருந்தன, விளக்கு எரிந்ததுமே துள்ளின. இன்னொன்றும் பார்த்தார். விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால், வரவேண்டிய அந்த நொடியில் அணுக்கள் வழக்கத்தைவிடக் கீழே அடங்கிப்போயின. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஏமாற்றியதுபோல.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஒட்டுக்கடைதான் ஞாபகம் வந்தது. வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது பள்ளிக்கூடத்து முக்கு திரும்பினால் எண்ணெய் காயும் வாசம் வரும். அங்கேயே எனக்கு எச்சில் ஊறிவிடும். தேத்தண்ணியை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அந்த முக்குதான் என் விளக்கு. கடை மூடியிருந்த நாளில் வீடு வரைக்கும் காரணமே இல்லாமல் எரிச்சலாக வருவேன், பிள்ளைகள் மேல் விழுவேன். அந்த எரிச்சலுக்குக் காரணம் நாக்கு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தினமும் அதே நேரத்தில் அதே இடத்தில் மூளைக்கு நான் போட்டுக் கொடுத்த வாடிக்கை அது. வாடிக்கையாளர் நேரத்துக்கு வந்து நிற்கிறார், கடைதான் மூடியிருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவர் செய்த ஆராய்ச்சி இதை இன்னும் ஒரு படி விளக்குகிறது. டோபமின் இல்லாமல் செய்யப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவே இல்லை, முன்னால் வைத்தாலும் தொடவில்லை. ஆனால் சீனித் தண்ணீரை நாக்கில் விட்டால் ருசித்து உதட்டை நக்கின. இதிலிருந்து அவர் சொன்னது, 'வேணும்' என்பது வேறு, 'பிடிக்கும்' என்பது வேறு, மூளையில் இரண்டுக்கும் தனித்தனி ஏற்பாடு என்று. தீபாவளிக்கு மறுநாள் பலகார டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலாவது அதிரசத்தைக் கடிக்கும்போது அது ருசியாகவா இருக்கிறது? இல்லை. ஆனாலும் கை போகிறது. பிடிப்பது முதல் அதிரசத்தோடு முடிந்துவிட்டது, வேண்டும் என்பது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நமநமப்பு என்று நான் சொல்வது இந்த 'வேணும்' என்ற பாதியைத்தான்.

சீனி எங்கே ஒளிந்திருக்கிறது

நமநமப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கணக்கு கொஞ்சம் பார்க்கலாம். எங்கே குறைப்பது என்று தெரியாமல் குறைக்கப் போனதுதான் நான் செய்த முதல் தப்பு. கேக், மிட்டாய், பலகாரம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். தேத்தண்ணியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தேத்தண்ணிதானே, அது சாப்பாட்டில் சேர்த்தியா என்ன?

ஒரு நாள் ஒட்டுக்கடை அண்ணனிடம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, "அண்ணே, ஒரு கிளாஸ் தே தாரிக்குக்கு எவ்வளவு டின் பால் ஊத்துவீங்களோ அதை மட்டும் இதுல ஊத்திக் குடுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊற்றினார். கெட்டியான பால், கரண்டியிலிருந்து இறங்க மனசில்லாமல் நூலாக இழுத்துக்கொண்டே இறங்கியது. கரண்டியைத் திருப்பி டப்பா விளிம்பில் ஒரு வழி வழித்தார். வீட்டில் மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். 32 கிராம். மறுநாள் "குராங் மானிஸ், எவ்வளவு?", அதாவது இனிப்பு குறைத்தால் எவ்வளவு என்று அதே டப்பாவை நீட்டினேன். 25 கிராம்.

"அண்ணே, இதுவா குராங் மானிஸ்?"

"கொறைச்சுத்தான்லா ஊத்துனேன் தங்கச்சி!"

அவர் பொய் சொல்லவில்லை. குறைத்துத்தான் ஊற்றினார். கை அளவுக்குக் கை அளவுதானே கணக்கு.

இனிப்பான டின் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அப்படியானால் 32 கிராமில் 16 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனி. சில கடைகளில் அதற்கு மேல் ஒரு கரண்டிச் சீனியும் விழும். காலையில் பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்றால் 48 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு என்ன தெரியுமா? சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையிலிருந்து வரும் சக்தி ஒரு நாள் தேவையில் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. சராசரி ஆளுக்கு முதல் கணக்கு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். பத்துத் தேக்கரண்டி, ஐந்து தேக்கரண்டி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஒரு பலகாரத்தைக்கூடத் தொடாமல், வெறும் தேத்தண்ணியிலேயே என் பத்துக் கரண்டி தீர்ந்திருந்தது.

தேன், கருப்பட்டி, கூலா மெலாக்கா, நாட்டுச் சர்க்கரை எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். "கருப்பட்டி போட்டது, உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு நாலு கரண்டி போடுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். உறவு கெட வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதில்லை. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை இதில் சேராது, பிழிந்து வடிகட்டிய சாற்றில் இருப்பது சேரும்.

டின்னிலும் போத்தலிலும் வரும் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் சீனி வரி போட்டது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 40 காசு. 2025 ஜனவரியிலிருந்து அது 90 காசு. இந்த 5 கிராம் என்ற எண்ணை நாமும் கடையில் பயன்படுத்தலாம். டின்னைத் திருப்பி 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். 320 மில்லி டின்னில் 5 என்று போட்டிருந்தால் மொத்தம் 16 கிராம், மூன்று கரண்டிக்குக் கொஞ்சம் அதிகம். ஒட்டுக்கடைக் கிளாஸுக்கு வரியும் இல்லை, லேபிளும் இல்லை. அதனால்தான் தராசு.

இவ்வளவு இனிப்பு நமக்கு எப்படிப் பழகியது என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டோடு மரத்துக்குப் போய், வெட்டி முடித்து, தோளில் காவடி போலத் தொங்கும் காண்டா வாளியில் பால் சுமந்து கொட்டாய்க்கு வருவார். வயிற்றில் இருப்பது ஒரு போத்தல் பாலில்லாத கோப்பி ஓவும் இரண்டு துண்டு ரொட்டியும். அந்தக் கோப்பியில் சீனி கரண்டி நிற்கும் அளவுக்கு இருக்கும். அது அவருக்குச் சாப்பாடு, மதியத்துக்குள் மேட்டிலும் பள்ளத்திலும் செலவாகிவிடும். நான் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிறவள். அம்மாவின் உழைப்பு எனக்கு வரவில்லை, அம்மாவின் கரண்டி மட்டும் வந்திருக்கிறது. சுகாதார அமைச்சின் 2023 ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம்தான் அதிகம். இதற்குக் கரண்டி மட்டும் காரணம் இல்லை, பரம்பரையும் உண்டு, வருமானமும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டு வரிசையில் இனிப்பு நீர் வியாதி இல்லாத வீட்டை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

முழுக்க நனைந்த பிறகு

இப்போது தோற்ற கதை. மூன்றில் இரண்டாவதைச் சொல்கிறேன், அதில்தான் பாடம் அதிகம்.

பொங்கல் முடிந்த மறுநாள் சீனிக்கு முழுக்குப் போட்டேன். வீட்டிலிருந்த டின் பாலைத் தூக்கித் தங்கையிடம் கொடுத்தேன். நினைக்கவே கூடாது என்று வைராக்கியம். நினைக்கக் கூடாது என்று நினைக்க ஆரம்பித்த நிமிடத்திலிருந்து வேறு எதுவும் நினைப்பில் இல்லை. இதற்கு ஒரு பிரபலமான சோதனை உண்டு. 1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் சிலரிடம், ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற நம் ஊர்க் கதை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஒன்பது நாள் தாக்குப்பிடித்தேன். பத்தாம் நாள் ஒரு நிச்சயதார்த்தம். இலையில் ஒரு லட்டு. சம்பந்தி வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள், ஒதுக்கினால் நன்றாக இருக்காது என்று சாப்பிட்டேன். ஒரு லட்டு. அதோடு விட்டிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் மண்டைக்குள் ஒரு குரல்: போச்சு, விரதம் கெட்டுப் போச்சு. அப்புறம் என்ன, முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? பாயசம் இரண்டு கப், வீட்டுக்குக் கட்டிக் கொடுத்த பலகாரத்தில் பாதி, மறுநாள் நாலு மணிக்கு ஒட்டுக்கடை. குடிப்பழக்கத்தை விடுபவர்களோடு வேலை செய்த ஆலன் மார்லாட் என்ற உளவியலாளர் இந்தக் குரலைத்தான் ஆராய்ந்தார். ஆளைக் கவிழ்ப்பது முதல் சறுக்கல் இல்லை, அதற்குப் பின்னால் வரும் "எல்லாம் போச்சு" என்ற எண்ணம்தான் என்றார். ஒரு லட்டில் சீனி எவ்வளவு? இரண்டு மூன்று கரண்டி. அந்த எண்ணம் எனக்குள் இறக்கியது அதைப் போலப் பல மடங்கு.

மார்லாட் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு அதைவிடப் பயன்பட்டது. நமநமப்பு ஏறிக்கொண்டே போகாது. ஏறும், உச்சிக்கு வரும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். அவர் கடல் அலையை உதாரணம் காட்டினார். எங்களுக்குக் கடல் தூரம், மழைதான் பக்கம். இங்கே சாயங்கால மழை வந்தால் கூரை பிய்ந்துவிடும் போல இருக்கும். மோட்டாரை ஓரம் கட்டி பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்போம். மழையோடு யாரும் சண்டை போடுவதில்லை. வெறுமனே நிற்போம், இருபது நிமிடத்தில் சொட்டுச் சொட்டாகிவிடும். நமநமப்பு வரும்போது அதே மாதிரி ஒதுங்கி நின்று, இப்போது கூடுகிறது, இப்போது உச்சியில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். முதல் இரண்டு மூன்று முறை எனக்கு இது கிறுக்குத்தனமாகப் பட்டது. நாலாவது முறை கடிகாரத்தைப் பார்த்தேன். பதினாறு நிமிடம்.

நிற்க முடியாதவர்கள் நடக்கலாம். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் பதினைந்து நிமிட வேக நடைக்குப் பிறகு சாக்லெட் சாப்பிடும் அளவு குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தாமான் பூங்காவை இரண்டு சுற்று சுற்றினால் பதினைந்து நிமிடம். நாய்களைச் சமாளிக்க ஒரு குச்சி தேவை.

விளக்கை மாற்றுவது

குரங்குக் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். துள்ளல் விளக்கில் இருக்கிறது என்றால், கை வைக்க வேண்டிய இடமும் விளக்குதான். நான் செய்த மாற்றங்களிலேயே பெரிய பலன் கொடுத்தது எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்து முக்கில் திரும்பாமல் கோயில் வழியாக வந்ததுதான். இரண்டு நிமிடம் கூடுதல் தூரம். முதல் வாரம் வண்டி தானாகவே முக்கில் திரும்பப் பார்த்தது. மூன்றாவது வாரம் நாலு மணி என்பது எனக்கு வெறும் நாலு மணியாகிவிட்டது.

அதற்காக ஒட்டுக்கடையை ஒரேயடியாக விடவும் மனசு வரவில்லை. ஊர்ச் செய்தி எல்லாம் அங்கேதான். எனவே ஒரு மாதம் கழித்து, வாரத்தில் இரண்டு நாள் என்று போனேன். கிளாஸை மட்டும் மாற்றினேன். 32 கிராமிலிருந்து 25, இரண்டு வாரம் கழித்து 16. அண்ணனிடம் அளவுக்கென்று ஒரு சின்ன ஸ்டீல் கரண்டியையே வாங்கிக் கொடுத்துவிட்டேன். பிறகு தே சி கோசோங், அதாவது சீனி சேராத டின் பால் தேத்தண்ணி, அதில் நானே ஒரு கரண்டிச் சீனி போட்டுக்கொள்வது. ஒரே நாளில் கோசோங்கில் குதித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும், எல்லாரும் ஒரு வாரத்தில் கரையேறி பழைய கிளாஸுக்கே வந்துவிட்டார்கள். படிப்படியாக இறங்குவது எனக்கு ஒத்துவந்தது. சிலருக்கு ஒரேயடியாக நிறுத்துவது ஒத்துவரலாம், அதையும் மறுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது. மேடு கட்டிய வெள்ளைச் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் பெயருக்குக் கொஞ்சம் காய். இப்படிச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், இன்சுலின் வந்து வேகமாக இறக்கும். சிலருக்குச் சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் அது முதலில் இருந்ததைவிடக் கீழே போய்விடும், அவர்களுக்குத்தான் சீக்கிரம் பசிக்கிறது. இரண்டு மணிச் சோறு, நாலு மணி நமநமப்பு. கணக்கு பொருந்துகிறதா? சோற்றைக் குறைத்து ஒரு முட்டையோ ஒரு துண்டு மீனோ கூட்டினேன், காயை முதலில் சாப்பிட்டேன். கைப்பையில் கொஞ்சம் வறுத்த கடலை வைத்துக்கொள்கிறேன். ஈப்போவின் புந்தோங் பக்கம் நம் ஆட்கள் வறுக்கும் கச்சாங் பூத்தேக்குப் பேர் போனது. சீனி பூசாததாகப் பார்த்து வாங்க வேண்டும், உப்பும் கொஞ்சம் கவனம்.

தூக்கத்தை நான் ரொம்ப நாள் கணக்கில் எடுக்கவே இல்லை. 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் சிலரை இரண்டே இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பசியைக் கூட்டும் கிரெலின் 28 விழுக்காடு ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது, இனிப்பு மேலும் மாவுப் பண்டங்கள் மேலும் ஆசை கூடியது. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி இரவு ஷிப்ட் போகிறார்கள். என் தம்பி மகன் அப்படித்தான். காலையில் வந்து பெரிய போத்தல் சிராப் தண்ணியைக் காலி செய்துவிட்டுத் தூங்குவான். "இவனுக்கு நாக்கு ரொம்ப நீளம்" என்று அவன் அம்மா திட்டுவார். "நாக்கு இல்ல, தூக்கம்" என்று நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இதற்கு நடுவில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீரிழிவுக்கு ஏற்கனவே இன்சுலின் ஊசியோ, கிளிக்லசைட் மாதிரியான மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை அப்படியே பொருந்தாது. சாப்பாட்டையும் சீனியையும் திடீரென்று குறைத்தால், மருந்து மட்டும் பழைய அளவில் வேலை செய்து சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முதலில் கிளினிக்கில் கேளுங்கள், அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். கை நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு, கண் மங்கல் இவற்றோடு இனிப்பு வேண்டும் போல இருந்தால் அது நமநமப்பு அல்ல. அங்கே மழை நிற்கட்டும் என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. கருவி கையில் இருந்தால் சோதியுங்கள். 3.9 mmol/L-க்குக் கீழே இருந்தாலும் சரி, கருவியே இல்லாவிட்டாலும் சரி, உடனே மூன்று கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் சீனியை விட்டுவிட்டேன் என்ற வீறாப்பில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸியாக, அதாவது தாதியாக வேலை பார்க்கும் அவர் மருமகள் வீட்டில் இருந்ததால் தப்பித்தார்.

சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரைகளைப் பற்றி ஒன்று. எடை குறைவதற்காக அதை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் ஆலோசனை சொன்னது. ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது, அவர்கள் டாக்டரைக் கேட்கட்டும். நான் அதைப் பயன்படுத்தாததற்குக் காரணம் வேறு. நாக்கைக் குறைந்த இனிப்புக்குப் பழக்க வேண்டும் என்று இறங்கியவள், வேறு கதவு வழியாக அதே இனிப்பைக் கொடுத்தால் அது எப்போது பழகும்?

நாக்கு உண்மையிலேயே பழகுமா என்று கேட்பீர்கள். பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவுக்குச் சர்க்கரையைக் கணிசமாகக் குறைத்து மூன்று மாதம் வைத்திருந்தார்கள். முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது மாதம் மாற்றம் தொடங்கியது. மூன்றாவது மாதம் அதே புட்டிங் அவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகமாக இனித்தது. நாக்கு கூர்மையாகிவிட்டது. முதல் மாதத்தில் கைவிடுபவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்று இதில் தெரியும். இன்னொன்றையும் அந்த ஆய்வில் சொல்லியிருந்தார்கள். அதிகமாக இனித்ததே தவிர, இனிப்பு அவர்களுக்குப் பிடிக்காமல் போய்விடவில்லை. கட்டுப்பாடு முடிந்து இஷ்டப்படி சாப்பிட விட்டதும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள். 'வேணும்' வேறு, 'பிடிக்கும்' வேறு என்று மேலே சொன்னேனே, அந்த இரண்டாவது பாதி அப்படியே உயிரோடுதான் இருக்கிறது.

போன மாதம் ஒட்டுக்கடையில் கூட்டம். அண்ணன் அவசரத்தில் யாருடைய தே தாரிக்கையோ என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். பேச்சு சுவாரசியத்தில் நானும் எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டேன். தொண்டை வரைக்கும் இனித்தது. பாகு குடித்த மாதிரி. இதையா தினமும் மூன்று கிளாஸ் குடித்தேன் என்று நானே அதிர்ந்துபோனேன். அண்ணன் ஓடி வந்து, "ஐயோ தங்கச்சி, அது உங்களோடது இல்ல, மாத்திக் குடுக்கறேன், குடுங்க!" என்று கையை நீட்டினார்.

கிளாஸைப் பார்த்தேன். காலியாக இருந்தது.